மஞ்சள் கருவின் மேல் விழுந்த பழி

கடலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டுத் தட்டில் ஒரு முழு முட்டை கிடைக்கிறது. வாரத்தில் ஐந்து நாளும் கிடைக்கிறது. அதே பிள்ளையின் தாத்தா வீட்டில் அவித்த முட்டையைப் பிட்டு, கொலஸ்ட்ராலுக்குப் பயந்து மஞ்சள் கருவை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறார். பிறகு இரண்டு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார். பாதி முட்டையை விட்டால் வயிறு வேறு எதையாவது கேட்கத்தானே செய்யும். கடலூர் முதுநகரிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரைக்கும் எத்தனையோ வீடுகளில் இதுதான் வழக்கம். ஒதுக்கிய மஞ்சள் கருவைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய கவலை அந்த இரண்டு கரண்டி சோற்றைப் பற்றியது.

பள்ளித் தட்டுக்கு முட்டை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் முட்டை கிடையாது. 1989-இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998-இல் வாரம் ஒன்று, 2006-இல் இரண்டு, அடுத்த ஆண்டே மூன்று, 2010-இல் ஐந்து என்று படிப்படியாக ஏறியது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். மேலை நாட்டு மருத்துவர்கள் மஞ்சள் கருவை எண்ணி எண்ணிச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தமிழ்நாடு தன் பிள்ளைகளுக்கு அதைக் கூட்டிக்கொண்டே போனது. இந்த மாநிலம் எடுத்த நல்ல முடிவுகளில் இதுவும் ஒன்று என்பேன்.

ஓடு நீக்கி ஐம்பது கிராம் இருக்கும் ஒரு கோழி முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அத்தனையும் மஞ்சள் கருவில்தான். வெள்ளையில் துளியும் இல்லை. நம் கடைகளுக்கு வரும் நாமக்கல் முட்டை இதைவிடச் சற்றுச் சிறியது, அதனால் கணக்கும் சற்றுக் குறையும். ஆனால் மஞ்சள் கருவில் வேறு என்னென்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. முட்டையின் ஆறு கிராம் புரதத்தில் ஏறத்தாழ இரண்டரை கிராம் அதில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, வைட்டமின் டி, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின், கண்ணின் விழித்திரையில் போய்ச் சேரும் லூட்டின் எல்லாம் மஞ்சளில்தான். வெள்ளையை மட்டும் சாப்பிடுபவர் முட்டையின் சத்தில் பெரும்பகுதியைக் கீழே கொட்டுகிறார்.

இந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால் ஒரு முயல் கூண்டில் போய் நிற்போம். 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகொலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர் முயல்களுக்குத் தூய கொலஸ்ட்ராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார். சில வாரங்களில் முயல்களின் ரத்தக்குழாய்களில் கொழுப்புப் படிவு ஏறியது. ரத்தத்தில் மிதக்கும் கொலஸ்ட்ரால் குழாயின் சுவரைக் கெடுக்கும் என்று முதன்முதலில் ஆய்வில் காட்டிய சாதனை அது. அதன் மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் முயல் புல்லும் இலையும் தின்னும் பிராணி. கொலஸ்ட்ராலை உள்ளே வாங்கிச் சமாளிக்கும் ஏற்பாடு அதன் உடலில் இல்லை. இதே தீனியை எலிக்கும் நாய்க்கும் கொடுத்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. மனிதன் இந்த விஷயத்தில் முயலைவிட நாய்க்கு நெருக்கம்.

கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை உலகமெங்கும் பேசவைத்த அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ்கூட, மனிதர்களின் ரத்தக் கொலஸ்ட்ராலை உணவிலுள்ள கொலஸ்ட்ரால் அதிகம் அசைப்பதில்லை, கொழுப்பின் வகைதான் அசைக்கிறது என்று 1950-களிலேயே எழுதியிருந்தார். அது யார் காதிலும் ஏறவில்லை. 1968-இல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்று அறிவித்தது. அந்த எண் கடல் கடந்து நம் ஊர் மருந்துச் சீட்டு வரை வந்து சேர்ந்தது. 2015-இல் அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி அந்த 300 என்ற வரம்பை எடுத்துவிட்டது. எடுத்த செய்தி மட்டும் இங்கே வந்து சேர வெகுகாலம் பிடிக்கிறது.

வரம்பு ஏன் போனது என்பதற்கு உடலின் உள்கணக்கைப் பார்க்க வேண்டும். கொலஸ்ட்ரால் நஞ்சு கிடையாது. உடலின் ஒவ்வொரு உயிரணுவின் உறையிலும் அது இருந்தாக வேண்டும். பித்த அமிலங்கள், ஆண் பெண் இயக்குநீர்கள், வைட்டமின் டி எல்லாம் அதன் வழியில்தான் உருவாகின்றன. இவ்வளவு அவசியமான பொருளுக்கு உடல் சாப்பாட்டை மட்டும் நம்பி இருப்பதில்லை. கல்லீரலும் மற்றத் திசுக்களும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் வரை தாமே செய்துகொள்கின்றன. ஐந்து முட்டையில் இருக்கும் அளவு அது. சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ராலில் குடல் சராசரியாகப் பாதியைத்தான் உறிஞ்சும். உள்ளே அதிகம் வந்தால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், பித்தத்தில் கூடுதலாகக் கழித்துவிடும்.

கொழுப்பு ரத்தத்தில் கரையாது. துறைமுகச் சரக்கு கடலைத் தாண்டப் படகு வேண்டியிருப்பதுபோல, கொலஸ்ட்ரால் ரத்தத்தில் பயணம் போகப் புரதம் போர்த்திய துகள்கள் வேண்டும். எல்.டி.எல். என்பது அப்படி ஒரு படகு. அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலின் உயிரணுக்கள் மேல் இருக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் வேலை செய்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும். 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பிகள் குறைந்தால் எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றச் சுற்ற அதில் ஒரு பகுதி ரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும். அங்கே வீக்கம் கண்டு, படிவு வளர்ந்து, ஒருநாள் அந்தப் படிவு வெடித்து அதன் மேல் ரத்தம் உறைந்தால் அதுதான் மாரடைப்பு. அந்த ஏற்பிகளை மந்தமாக்குவதில் முதலிடம் நிறைவுற்ற கொழுப்புக்கு. வெண்ணெய், நெய், வனஸ்பதி, பாமாயில், கொழுத்த இறைச்சி இவற்றில் நிறைய இருப்பது அதுதான். முட்டையின் கொலஸ்ட்ராலுக்கு அந்த வேலையில் சிறு பங்குதான்.

சிறியது என்றால் எவ்வளவு? பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வந்த ஒரு கணக்கின்படி, நாளுக்கு 100 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கூடுதலாகச் சாப்பிட்டால் ரத்தத்தின் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சராசரியாக 2.2 மில்லிகிராம் ஏறும். தினம் ஒரு முட்டை சேர்த்தால் நாலு மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 200-ஐ ஒட்டி நிற்கும் ஓர் எண்ணில் நாலு. சராசரி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் இது மாறும். சிலருக்கு அசைவே தெரியாது, சிலருக்கு நன்றாகவே ஏறும். இந்த மாறுபாட்டின் ஒரு முனைக்கு உதாரணமாக 1991-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 88 வயதுக்காரர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தினம் 25 முட்டை சாப்பிட்டு வந்தார். அவருடைய ரத்தக் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருந்தது. சோதித்துப் பார்த்ததில் அவர் குடல் வந்த கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தைத்தான் உறிஞ்சியது. இதைச் சொல்வது யாரையும் 25 முட்டை சாப்பிடத் தூண்டுவதற்காக இல்லை. மனித உடல் முயல் உடலிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு முட்டையைப் போலவே இறாலும் அச்சம் தரும் பொருள். நாற்பது தாண்டியவர்கள் இறாலைத் தொடத் தயங்குகிறார்கள். கிள்ளையிலும் பரங்கிப்பேட்டையிலும் வெள்ளாற்று முகத்துவாரத்து இறாலும் நண்டும் வந்து இறங்கும் இடத்திலேயே இந்தத் தயக்கம் இருக்கிறது. இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம் என்பது உண்மை. நிறைவுற்ற கொழுப்பு அதில் கிட்டத்தட்ட இல்லை என்பதும் உண்மை. நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் 1996-இல் தினம் 300 கிராம் இறால் கொடுத்துச் சோதித்தார்கள். எல்.டி.எல். 7 சதவீதம் ஏறியது, ரத்தக்குழாய்க்கு இணக்கமானது என்று கருதப்படும் எச்.டி.எல். 12 சதவீதம் ஏறியது, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு இறங்கியது. அதே ஆய்வில் தினம் இரண்டு முட்டை சாப்பிட்டபோது எல்.டி.எல். 10, எச்.டி.எல். 7.6 சதவீதம் ஏறின. தினம் 300 கிராம் இறால் யார் வீட்டில் வாங்குகிறார்கள்? வாரம் ஒருநாள் வைக்கும் இறால் குழம்புக்கு இந்தப் பயம் பொருந்தாது.

எதனுடன் சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் முட்டை பன்றிக்கொழுப்புத் துண்டோடும் வெண்ணெய் தடவிய ரொட்டியோடும் வருகிறது. சிதம்பரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் அண்ணாமலை நகர் மாணவர்கள் கூடும் இரவுக் கடைகளிலும் அது மைதா பரோட்டாவோடு வருகிறது. கல்லில் எண்ணெயை ஊற்றி, வீச்சுக்குள் முட்டையை மடித்து, மேலே சால்னா. ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு 1.6 கிராம். ஒரு மேசைக்கரண்டி பாமாயிலில் அது ஏறத்தாழ 6 கிராம். இரண்டு தேக்கரண்டி நெய்யிலும் அதே அளவு. முட்டை பரோட்டா சாப்பிட்டவர் அடுத்த மாதம் ரத்தச் சோதனையில் எண் ஏறியிருந்தால் முட்டையைத்தான் நிறுத்துகிறார். பரோட்டாவும் எண்ணெயும் தண்டனையின்றித் தப்பிவிடுகின்றன. வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பை 2022 ஜனவரி முதல் 2 சதவீதத்துக்குள் அடக்கியிருக்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். அது பெரிய நன்மை. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அப்படியே இருக்கிறது.

இப்போது சோற்றுக்கு வருகிறேன். சொல்ல வேண்டியதில் பாதி இங்கேதான் இருக்கிறது.

இந்தியர்களின் ரத்தத்தில் கொழுப்பு எப்படி இருக்கிறது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் டாக்டர் வி. மோகன் தலைமையிலான நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து அளந்தன. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்த முதல் கட்ட ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. எல்.டி.எல். உயர்ந்திருந்தவர்கள் 11.8 சதவீதம். டிரைகிளிசரைடு உயர்ந்திருந்தவர்கள் 29.5 சதவீதம். எச்.டி.எல். குறைந்திருந்தவர்கள் 72.3 சதவீதம். மேற்கத்திய மருத்துவப் புத்தகங்கள் வருணிக்கும் நோயாளிக்கு முதலில் ஏறுவது எல்.டி.எல். நம்மவருக்கு டிரைகிளிசரைடு ஏறுகிறது, எச்.டி.எல். இறங்குகிறது. நமக்கு வந்த பிரச்சினை வேறு, நாம் கடன் வாங்கிய அறிவுரை வேறு.

டிரைகிளிசரைடு, எச்.டி.எல். இரண்டையும் ஒருசேரக் கெடுப்பது அளவு மீறிய மாவுச்சத்து. தீட்டிய வெள்ளை அரிசி குடலில் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையாக ரத்தத்துக்குள் வருகிறது. தசைகள் எரிக்காத சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பு டிரைகிளிசரைடாகத் துகள்களில் ஏறி வெளியே வருகிறது. அது பெருகும்போது எச்.டி.எல். துகள்கள் அதை வாங்கிக்கொண்டு சீக்கிரமே சிதைகின்றன, எல்.டி.எல். துகள்களோ சிறுத்து, எண்ணிக்கையில் கூடி, ரத்தக்குழாய்ச் சுவரில் எளிதில் நுழையும் நிலைக்கு வருகின்றன. எண்ணெயே படாத வெறும் சோற்றிலிருந்து இத்தனையும் நடக்கும் என்பதைப் பலரால் நம்ப முடிவதில்லை. சென்னையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது. தீட்டிய தானியம் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டிரைகிளிசரைடு அதிகம், எச்.டி.எல். குறைவு, இடுப்புச் சுற்றளவு அதிகம். அவர்கள் சாப்பிட்ட தீட்டிய தானியத்தில் பெரும்பகுதி வெள்ளை அரிசி.

வீராணம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் மண் இது. சோற்றைக் குறை சொன்னால் இங்கே கோபம் வரும், அது நியாயமும்கூட. இந்த ஊர்க்காரர்களின் உழைப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. நடவும் அறுப்பும் உடம்பால் செய்த காலத்தில் மூன்று வேளைச் சோறும் வயலிலேயே எரிந்துபோனது. இன்று நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம், வரப்பு வரை போக இரு சக்கர வண்டி. சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய அதே ஆய்வின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியர்களின் உணவு ஆற்றலில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், புரதம் குறைவு என்றும் சொல்கிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. 2023-இல் வந்த மாநிலவாரிக் கணக்கில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம்; கடலூரை ஒட்டிய புதுச்சேரியில் 26.3 சதவீதம், நாட்டிலேயே இரண்டாவது இடம். நீரிழிவு வந்தவருக்கு இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

இந்த வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். ஒரு கரண்டி சோற்றின் இடத்தில் ஒரு முழு முட்டை வந்தால் மாவுச்சத்து குறைகிறது, புரதம் ஏறுகிறது, பசி தள்ளிப்போகிறது. மஞ்சளை ஒதுக்கிச் சோற்றைக் கூட்டினால் நேர் எதிரானது நடக்கிறது.

எல்லா ஆய்வும் முட்டைக்குச் சாதகம் என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. 1999-இல் அமெரிக்கச் செவிலியர்களையும் மருத்துவத் துறை ஆண்களையும் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு, நாளுக்கு ஒரு முட்டை வரை இதயநோயோடு தொடர்பு இல்லை என்றது; ஆனால் நீரிழிவு உள்ளவர்களில் ஆபத்து கூடியது. 2019-இல் 29,615 அமெரிக்கர்களின் தகவலை ஆராய்ந்த வேறொரு குழு, உணவில் ஒவ்வொரு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலும் கூடும்போது இதய, ரத்தக்குழாய் நோய் 17 சதவீதம் கூடுவதாகச் சொன்னது. மறு ஆண்டே கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் கனடாவிலிருந்து நடத்திய ஆய்வு, இந்தியா உட்பட 50 நாடுகளின் 1,77,000 பேரைக் கொண்டு பார்த்து, தொடர்பு எதுவும் தென்படவில்லை என்றது. நான் இந்தக் கடைசி ஆய்வின் பக்கம் சாய்கிறேன். பல நாட்டுத் தட்டுகளைப் பார்த்த ஆய்வு நம் தட்டுக்கு நெருக்கமானது. ஆனாலும் 2019-இன் எச்சரிக்கையைத் தூக்கி எறிய மாட்டேன். நாளுக்கு ஒன்று என்பதற்கும் நாளுக்கு நாலு என்பதற்கும் வித்தியாசம் உண்டு. நீரிழிவுக்காரர்களைப் பொறுத்தவரை சிட்னியில் 2015-இல் முடிந்த ஒரு சோதனை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. மூன்று மாதம் வாரம் 12 முட்டை சாப்பிட்டவர்களுக்கும் இரண்டுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் ரத்தக் கொழுப்பில் வேறுபாடு இல்லை.

கொலஸ்ட்ரால் பற்றிய தவறான பயம் இந்த மாவட்டத்தின் இன்னொரு பொருளையும் பாதிக்கிறது. பண்ருட்டி முந்திரி. முந்திரியில் கொலஸ்ட்ரால் இருக்கிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். தாவரத்தில் விளையும் எதிலும் பொருட்படுத்தத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் கிடையாது. முந்திரியிலும் இல்லை, மல்லாட்டையிலும் இல்லை. முன்பு சொன்ன சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நீரிழிவு உள்ள 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 12 வாரம் தினம் 30 கிராம் முந்திரி கொடுத்தது. 2018-இல் முடிவு வந்தது. அவர்களுக்கு எச்.டி.எல். சற்று உயர்ந்தது, ரத்த அழுத்தம் சற்று இறங்கியது, எடை கூடவில்லை. கொடுத்தது உப்பு போடாத, நெய்யில் வறுக்காத முந்திரி.

மஞ்சள் கருவைப் பற்றி உண்மையாகவே யோசிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவே பழுதாகிப் பிறந்தவர்கள், குடும்பத்தில் சின்ன வயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள், ஏற்கெனவே குழாய் அடைப்புக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். மற்றவர்கள் முதலில் தங்கள் ரத்தச் சோதனைச் சீட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். மொத்தக் கொலஸ்ட்ரால் 190 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகச் சீட்டை மடித்து வைப்பவர்கள் அதிகம். அதே சீட்டில் எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240 என்று இருக்கலாம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லைக் கழித்தால் 158 வருகிறது. அது 130-க்குள் இருக்க வேண்டிய எண். நமக்கு வரும் கோளாறைக் காட்டிக்கொடுப்பது இந்தக் கழித்தல்தான், கூடுதல் செலவு எதுவும் கிடையாது. உணவால் இறங்காத எல்.டி.எல்லுக்கு ஸ்டாட்டின் மாத்திரை இருக்கிறது. ஜப்பானில் அகிரா எண்டோ ஆறாயிரம் நுண்ணுயிர்களைச் சோதித்து, கியோத்தோ நகரத் தானியக் கடையில் எடுத்த அரிசியில் வளர்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து 1973-இல் கண்டெடுத்த பொருளின் வழித்தோன்றல் அது. கல்லீரல் தானே செய்துகொள்ளும் கொலஸ்ட்ராலை அது குறைக்கிறது, எல்.டி.எல்லை 30 முதல் 50 சதவீதம் வரை இறக்குகிறது. முட்டையை நிறுத்திப் பெறும் நாலு மில்லிகிராமை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு உடனே கொடுக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். கடற்கரைக் குப்பத்திலும் வயற்காட்டு ஊரிலும் நெஞ்சு பிடித்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடித்து, விடியும்வரை காத்திருந்து உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். அப்படிப்பட்ட நேரத்தில் முதலில் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அது வருவதற்குள் பக்கத்து நிலையத்தில் அந்த மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, அண்ணாமலை நகரில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட பழைய ராஜா முத்தையா மருத்துவமனைக்கோ போய்ச் சேர வேண்டும்.